வங்கி கிளார்க் தேர்வில் எழுத்துக் கேள்வி: இதை மட்டும் சொல்லிவிடுகிறேன்

மெயின்ஸ் முடிவு வந்துவிட்டது. பெயர் இருக்கிறது. கிளார்க்குக்கு நேர்காணல் கிடையாது என்பதால் இதோடு விட்டது தொல்லை. "பேங்க் பரீட்சை எல்லாம் நம்ம வீட்டுப் பசங்களுக்கு வருமா" என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்ட சித்தப்பாவுக்குத்தான் முதல் போன்.

என்ன புத்தகம் படித்தாய் என்று கேட்கிறவர்களுக்கு வேறு யாராவது எழுதுவார்கள். கணக்கு எனக்கே தகராறு, அதில் நான் வாய் திறக்கக் கூடாது. ரீசனிங்கில், அதாவது யோசித்து விடை சொல்கிற பகுதியில், எல்லாரும் அலட்சியமாகத் தாண்டிப் போகிற ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரு பெரிய ஆங்கிலச் சொல்லைக் கொடுத்து, அதன் இரண்டாவது, ஐந்தாவது, ஏழாவது, எட்டாவது எழுத்துகளை வைத்து அர்த்தமுள்ள சொல் வருமா என்பான். ஒன்று வந்தால் அதன் மூன்றாவது எழுத்து விடை. ஒன்றுக்கு மேல் வந்தால் எக்ஸ், எதுவுமே வராவிட்டால் இசட். பிரிலிம்ஸில், அதாவது முதல் கட்டத் தேர்வில், ரீசனிங்குக்கு மட்டும் 20 நிமிடத்துக்கு 35 கேள்வி. புதிர் ஒன்றில் மாட்டினால் ஐந்து நிமிடம் போய்விடும். இது பத்து நொடியில் முடிய வேண்டிய கேள்வி. கால் கால் மார்க்கில் கட் ஆஃப் நிற்கிற தேர்வில் இதை விடுகிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

வேலூரில் நான் சேர்ந்த கோச்சிங் சென்டரில் ஒரு ஜெராக்ஸ் கட்டைக் கொடுத்தார்கள். ஏ முதல் இசட் வரை நான்கெழுத்து ஆங்கிலச் சொற்கள். மனப்பாடம் செய்யுங்கள் என்றார்கள். தமிழ் மீடியத்தில் படித்தவனுக்குச் சொல் தெரியாது என்ற நினைப்பு. மீட், டீம், மேட், டேம் நாலும் எனக்குத் தெரியும். நாலுக்கும் ஏ, ஈ, எம், டீ என்ற அதே எழுத்துகள்தான் என்பது அந்தக் கட்டைப் பார்த்தால் தெரியவே தெரியாது. ஒன்று எம்மில் கிடக்கும், இன்னொன்று டீயில் கிடக்கும். கேள்வியோ எழுத்தைக் கலைத்துப் போட்டுக் கேட்கிறது. முதல் எழுத்து எது என்பதே நமக்குத் தெரியாதபோது முதல் எழுத்தை வைத்து அடுக்கிய பட்டியல் எதற்கு?

நான் ஒரு நோட்டு போட்டேன். சொல்லின் எழுத்துகளை ஆங்கில அகர வரிசையில் அடுக்கி அதையே தலைப்பாக்கினேன். உள்ளே அந்த எழுத்துகளில் வரும் சொற்கள் எல்லாம். இப்படி:

ஏ, ஈ, எம், டீ: மீட், டீம், மேட், டேம்.
ஈ, ஐ, எல், வி: ஈவில், லிவ், வைல், வெய்ல்.
ஓ, பி, எஸ், டீ: ஸ்டாப், ஸ்பாட், போஸ்ட், பாட்ஸ், டாப்ஸ், ஆப்ட்ஸ்.
ஈ, எச், எல், பி: ஹெல்ப். இதற்கு மேல் கிடையாது.

ஒற்றையாக நிற்கிற ஹெல்ப்பையும் கட்டாயம் எழுதுங்கள். ஒன்றா, பலவா என்பதில்தானே கேள்வியே இருக்கிறது. தேர்வறையில் நாலு எழுத்தைப் பார்த்ததும் ரஃப் தாளில் அகர வரிசையில் அடுக்கி எழுதினால் போதும், நோட்டின் பக்கம் கண்முன் வந்து நிற்கும்.

சொற்களுக்கு எங்கே போவது? எனக்கு உட்கார்ந்து படிக்கிற பொறுமை கிடையாது. பஸ்ஸில் போகும்போது நெடுஞ்சாலையின் பச்சைப் பலகைகளில் ஆங்கிலத்தில் இருக்கிற ஊர்ப்பெயர்களைக் கலைத்துக்கொண்டே போவேன். ஆற்காட்டைக் கலைத்தால் ஆக்டர். ஆரணியில் ரெயின் (மழைதான், ரயில் இல்லை). ஆம்பூரில் அம்ப்ரா, அதாவது கிரகணப் பாடத்தில் வருகிற கருநிழல். ராணிப்பேட்டையின் ஏழு எழுத்தையும் மிச்சமில்லாமல் போட்டால் பெயின்டர் வரும், ரீபெயின்ட் வரும், பெர்டெயின் வரும். இது பிடிபட்ட நாளில் பக்கத்து சீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சின்னச் சின்ன விஷயங்கள்:

ஈ இருந்தால் முதலில் அதைக் கடைசியில் வையுங்கள்.
எஸ் இருந்தால் கடைசியில் ஒரு முறை, முதலில் ஒரு முறை. பெரும்பாலும் எக்ஸ்தான் விடை.
இரண்டு சொல் கிடைத்ததும் நிறுத்திவிடுங்கள். ஏ, ஈ, எல், ஆர் என்றால் ரியல், ஏர்ல். முடிந்தது. சிஎம்சியில் நர்சிங் படிக்கிற அத்தை பெண் 'ரேல்' என்று மூன்றாவதும் உண்டு என்றாள், நுரையீரலில் கேட்கிற சத்தமாம். இருக்கட்டும், அதற்குத் தனி மார்க் கிடையாது.
ஆள் பெயர், ஊர்ப்பெயர் கணக்கில் சேராது.
கியூ இருந்து யூ இல்லையென்றால் இசட், அடுத்த கேள்விக்குப் போங்கள்.

எஸ்எஸ்சி (மத்திய அரசு வேலைக்கான தேர்வு) எழுதுகிறவர்களுக்கு வேறு மாதிரி வரும்: கொடுத்த பெரிய சொல்லின் எழுத்துகளில் எந்தச் சொல்லைச் செய்ய முடியாது? அங்கே ஒரே எழுத்து எத்தனை முறை வருகிறது என்று மட்டும் பாருங்கள். ஆங்கிலத்தில் வேலூருக்கு ஈ இரண்டு, எல் இரண்டு. அதனால் லெவல், லீவர் வரும். ரிவால்வ் வருவது போலவே இருக்கும், வராது, வி ஒன்றுதான். 2020இல் ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி அரசாணை போட்டார்களே, அது திரும்பப் பெறப்படாமல் இருந்திருந்தால் வேலூருக்கு எல் ஒன்றுதான், லெவலும் போயிருக்கும். டிபார்ட்மென்ட் கொடுத்து ட்ரீட்மென்ட் வருமா என்றால் வராது, டீ ஒன்று குறைகிறது.

நோட்டை ஸ்கேன் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள். தங்கச்சி அடுத்த தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறாள், அது இப்போது அவளிடம். தவிர, அடுத்தவர் நோட்டு இதற்கு உதவாது, எழுதும்போதுதான் எழுத்து கையில் ஏறுகிறது.