ஃபிளாக்ஸ்மன் குடும்பக் கல்லறை: கல்லைத் தொடாமல் எழுத்தைப் பதிவுசெய்யும் வேலை, இதுவரை

லண்டனில் பழைய செயின்ட் பாங்க்ரஸ் தேவாலயத்தை ஒட்டிய பூங்காவில் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனின் குடும்பக் கல்லறை இருக்கிறது. அதன் தேய்ந்த கல்வெட்டைத்தான் படமெடுத்துப் பதிவுசெய்து வருகிறோம். இன்று எல்லாம் ஒரே பூங்காவாகத் தெரிந்தாலும், அந்தப் பகுதி முன்பு செயின்ட் ஜைல்ஸ் என்ற தேவாலயப் பங்கின் தனி இடுகாடு. 1820-இல் இறந்த மனைவி ஆன், 1826 டிசம்பர் 7-இல் இறந்த ஃபிளாக்ஸ்மன் இருவரும் இங்கே அடக்கம். தஞ்சாவூர்க்காரர்கள் இவர் கைவேலையைப் பார்த்திருப்பார்கள். சிவகங்கைக் குளத்தருகே உள்ள ஷ்வார்ட்ஸ் தேவாலயத்தில், மரணப்படுக்கையில் கிடக்கும் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரின் கையைத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி பிடித்திருக்கும் பளிங்குப் புடைப்புச் சிற்பம் இவர் செய்தது. சரபோஜி சொல்லிச் செய்வித்தது. ஊருக்கெல்லாம் நினைவுச்சின்னம் செதுக்கியவரின் சொந்தக் கல்லறை மிக எளிமையானது. அதே பூங்காவில் கட்டடக் கலைஞர் சோனின் கல்லறை மாடம் கட்டி நிற்பதால், வருகிறவர்கள் கண் முதலில் அங்கேதான் போகும்.

கல்லறை சட்டப் பாதுகாப்பில் உள்ளது, பூங்காவை உள்ளாட்சி அமைப்பான கேம்டன் கவுன்சில் பராமரிக்கிறது. ஆகவே கல்லில் எதையும் தேய்க்கவோ தடவவோ கூடாது. சட்டம் இல்லாவிட்டாலும் கூடாது என்பதே எங்கள் நிலை. சாக்பீஸ் பூசினால் எழுத்து பளிச்சென்று தெரியும். ஆனால் தூள் நுண்துளைகளில் தங்கிவிடும், தேய்க்கும்போது மேற்பரப்பும் அரைபடும். மாவு பூஞ்சைக்குத் தீனி. ஷேவிங் நுரை அமிலப்பொருளையும் சோப்பையும் கல்லுக்குள் விட்டுப்போகும். கம்பி பிரஷ் கீறுவதோடு நிற்காது, அதிலிருந்து உதிரும் இரும்புத் துணுக்குகள் பிறகு துருக்கறையாகும். பிளீச்சில் உள்ள உப்பு கல்லுக்குள் படிகமாகி மேல்தோலை உரிக்கும். உதிர்ந்த இலையைக் கையால் எடுக்கலாம், அவ்வளவுதான். கல்பாசியை அப்படியே விட்டுவிட வேண்டும். பிய்த்தால் கல்லின் துகளும் கூடவே வரும்.

மிச்சம் இருக்கும் கருவி வெளிச்சம் ஒன்றே. தேய்ந்த எழுத்தின் பள்ளம் அரை மில்லிமீட்டர் இருந்தாலும் போதும், பரப்போடு 10 முதல் 15 டிகிரி சாய்வில் ஒளி விழுந்தால் நிழல் கட்டும். லண்டனில் டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியனே 15 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். படுக்கைவசமான கல்லுக்கு இது இயற்கையாகவே அமைந்த பக்கவொளி. ஜூனில் அதே சூரியன் 62 டிகிரிக்கு ஏறிவிடும், எழுத்து மறைந்துபோகும். குளிர்காலத்தில் வரும் சிக்கல் ஈரம். நனைந்த கல் மின்னி நிழலைக் கெடுக்கும், பள்ளத்தில் நிற்கும் நீர் எழுத்தையே நிரப்பிவிடும். மழை விட்டு நன்றாகக் காய்ந்த பிறகே கேமராவை எடுக்க வேண்டும்.

வெயில் இல்லாத நாளில் கேமராவிலிருந்து பிரித்த ஃபிளாஷ். கல்லிலிருந்து 2 மீட்டர் தள்ளி வைத்தால் அதன் உயரம் 50 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அது ஏறக்குறைய 14 டிகிரி. இன்னும் நெருக்கினால் ஒளி சமமாக விழாது: ஒரு மீட்டர் அகலக் கல்லுக்கு ஃபிளாஷ் ஒரு மீட்டர் தூரத்தில் இருந்தால், எட்டத்து ஓரத்துக்குக் கிட்டத்து ஓரத்தின் கால் பங்கு ஒளிதான் கிடைக்கும். 3 மீட்டருக்குப் போனால் பாதிக்கு மேல் கிடைக்கும். கேமரா கல்லுக்கு நேர் மேலே, இணையாக. ஒளியுணர்வு (ஐஎஸ்ஓ) 100, லென்ஸ் துளை எஃப் 8, கேமரா பதப்படுத்தாத ரா கோப்பு. ட்ரைபாட் காலின் நிழல் எழுத்தில் விழுகிறதா என்று ஒவ்வொரு கோணத்துக்கும் பார்க்க வேண்டும்.

ஒரே பக்க ஒளி போதாது. இடமிருந்து வரும் ஒளியில் செங்குத்துக் கோடுகள் தெரியும், கிடைக்கோடுகள் காணாமல் போகும். மேலிருந்து வந்தால் மறுதலை. ஆண்டுகளைப் படிக்கும்போது 1-ம் 7-ம், 3-ம் 8-ம் குழம்புவது இதனால்தான். அதனால் பல கோண ஒளிப்பதிவுக்கு மாறினோம். கேமரா அசையாமல் நிற்க, 15 முதல் 65 டிகிரி வரை நாலு உயரங்களில், உயரத்துக்குப் பன்னிரண்டு திசையாக 48 படங்கள். சட்டகத்துக்குள் இரண்டு பளபளப்பான கறுப்புப் பந்துகள். அவற்றில் விழும் ஒளிப்புள்ளியை வைத்து மென்பொருள் ஒவ்வொரு படத்திலும் ஒளி வந்த திசையைக் கணக்கிட்டு, படங்களை ஒன்றாக இணைக்கும். படத்தில் பந்து 200 பிக்சலாவது அகலம் இருக்க வேண்டும். ஃபிளாஷின் தூரம் மாறாதிருக்க ஒரு நூல், பதிவாகும் பகுதியின் மூலைவிட்டத்தைப் போல் மூன்று மடங்கு நீளம். பந்து ஒரு மயிரிழை உருண்டாலும் மொத்தத் தொகுப்பும் வீண். சிறு மணல்பையில் பதித்து, கல்லுக்கு வெளியே வைக்க வேண்டும்.

எழுத்தைப் படியெடுப்பதில் ஒரு பொறி உண்டு. கல்வெட்டு அவர் தம் எழுபத்திரண்டாம் வயதில் இறந்ததாகச் சொல்கிறது. பிறந்தது 1755 ஜூலை 6. முடிந்த வயது 71, நடப்பு 72; கல் சொல்வது நடப்பு. 1826-இலிருந்து 72-ஐக் கழித்து 1754 என்று எழுதும் வம்சாவளிக் குறிப்புகள் தவறுவது இப்படித்தான். படியில் கல் சொல்வதை அப்படியே எழுதிவிட்டு, கணக்கைத் தனிப் பத்தியில் போடுகிறோம். ஊகித்த எழுத்துக்கு அடிக்கோடு.

அடுத்தது தஞ்சாவூர்ச் சிற்பம், தேவாலய அனுமதி கிடைத்த பிறகு. அங்கே முறை மாறும்: பல இடங்களிலிருந்து எடுத்த படங்களை மென்பொருளில் இணைத்து முப்பரிமாண உருவம் செய்ய வேண்டும். வெண்பளிங்கில் ஒளி சற்று உள்ளே புகுந்து சிதறுவதால் விளிம்புகள் மழுங்கிப் பதிவாகும். ஒரே வெள்ளையாக இருப்பதால் முப்பரிமாண மென்பொருளுக்குப் பிடிமானப் புள்ளிகளும் கிடைக்காது. படங்கள் 80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும், சுற்றியுள்ள சுவரும் சட்டகத்தில் வர வேண்டும். அளவுகோலையும் குறிப்பட்டைகளையும் தனி ஸ்டாண்டில் நிறுத்தலாம்; சிற்பத்திலோ சுவரிலோ ஒட்டக் கூடாது.