ஓலையின் அடிப்புறம்

ஜனவரி 12

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இன்னும் ஓயவில்லை. கிழக்கிலிருந்து வீசிக்கொண்டே இருக்கிறது. தோப்புக்குள் மண் உதிரியாகக் காய்ந்து கிடக்கிறது. காலையில் வாழைக்குப் பாத்தி கட்டப் போனபோது இலை பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. மேலே பார்த்தால் தென்னையின் அடி ஓலைகள் கரி பூசினாற்போல இருந்தன.

காய் போட வந்த அண்ணனிடம் சொல்லி ஒரு மட்டையை இறக்கினேன். அடிப்புறத்தில் கோலமாவால் சுழித்த மாதிரி வெள்ளைச் சுருள்கள். ஈ சற்றே பெரியது, இறக்கையில் மங்கலான பழுப்புத் தீற்றல். தொட்டாலும் சட்டென்று பறக்காத சோம்பல். சுருள் வெள்ளை ஈதான். 2016-ல் இந்தியாவில் முதன்முதலாக இது தென்பட்டது பொள்ளாச்சியிலும் எங்கள் பாலக்காட்டிலும்தான். தமிழக-கேரள எல்லையில் இருக்கும் கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற கணக்கெல்லாம் அதற்குக் கிடையாது.

அப்பா பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, மருந்து அடிச்சுப் போடலாமா?" என்றார். முதல் வருடம் அப்படித்தான் அடித்தோம். கடையில் கொடுத்த மருந்தை மூன்று முறை அடித்தும் அடுத்த கோடையில் ஈ இன்னும் கூடுதலாக வந்தது. கொஞ்ச நாள் பொறுங்கப்பா என்றேன்.

ஜனவரி 15

கீழ்க்கோடியில் மூன்று வருடக் கன்றுகள். அங்கே குருத்தைச் சுற்றி எறும்பு ஓட்டம். எறும்பு வீணாக ஏறாது, இனிப்பு இருந்தால்தான் ஏறும். குருத்தோலையை விரித்தால் கருப்பாக, வட்டமாக, குட்டிப் பொத்தான்கள். ஓரத்தில் மட்டும் வெள்ளை மெழுகுச் சரிகை. வேலைக்கு வந்த அக்கா செதில் பூச்சி என்றார். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

லென்ஸ் வைத்துப் பார்த்து, படங்களோடு ஒப்பிட்ட பிறகுதான் தெளிவானது. இது அசுவினி, அதாவது செடிப்பேன்; அதிலும் பனை வகை மரங்களுக்கென்றே உள்ள இனம். பயிரில் பார்க்கிற அசுவினி போல நீண்ட கால்களோடு மேயாது, ஒட்டிக்கொண்டு கிடக்கும். வெள்ளை ஈயின் குஞ்சோ வெளிறிப்போய், தட்டையாக, மெழுகுப் பஞ்சுக்குள் இருக்கும். இரண்டும் சாறு குடித்துத் தேன்போல ஒரு கழிவைச் சொட்டும். அதன்மேல் வளர்வதுதான் கரும்பூசணம். கருப்பைப் பார்த்துவிட்டு எந்தப் பூச்சி என்று சொல்லிவிட முடியாது. ஓலையைத் திருப்பித்தான் ஆக வேண்டும்.

காதி சோப் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வொரு குருத்தாகத் துடைத்தோம். மதியம் வரை ஆனது. கன்றடியில் இருந்த எறும்புப் புற்றையும் கிளறிவிட்டேன். காவலுக்கு எறும்பு இருக்கும்வரை அசுவினியைத் தின்ன வருகிற பூச்சிகள் நெருங்க முடியாது.

ஜனவரி 23

ஊடுபயிராகப் போட்ட தட்டைப்பயறிலும் கருப்பு அசுவினி. இது வேறு இனம். கொழுந்திலும் பிஞ்சுக் காயிலும் அப்பிக்கொண்டிருக்கிறது. பின்பக்கம் இரண்டு சின்னக் குழாய்கள் துருத்திக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். ஆண் துணை இல்லாமலே குஞ்சாகப் போட்டுத் தள்ளும். இடம் நெருக்கமானால் சிறகு முளைத்து அடுத்த செடிக்குப் போய்விடும். அதனால் பார்த்த அன்றே மொய்த்த கொழுந்தைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போட்டேன்.

நான்காவது வரிசையில் கையை நிறுத்திவிட்டேன். அங்கே பொறிவண்டின் புழுக்கள். கறுத்த உடம்பில் மஞ்சள் திட்டு, குட்டி முதலை மாதிரி இருக்கும். இதைத் தீமை செய்யும் புழு என்று நினைத்து நசுக்குகிறவர்கள் எத்தனையோ பேர். பக்கத்திலேயே மயிரிழைக் காம்பின் நுனியில் ஒற்றை முட்டை, பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி இட்டது. அதன் புழு அசுவினியையும் தின்னும், வெள்ளை ஈக் குஞ்சையும் தின்னும். உப்பிப்போய், காய்ந்த பழுப்பு நிறத்தில் அசையாமல் சில அசுவினிகளும் இருந்தன. அவற்றுக்குள் ஒரு குளவி வளர்கிறது. அந்த வரிசையை அப்படியே விட்டோம். பயறு குறைந்தால் குறையட்டும்.

பிப்ரவரி 3

கன்றுகளில் அசுவினி மறுபடி தலைகாட்டியதால் வேப்பங்கொட்டைக் கரைசல். அரைக் கிலோ கொட்டையை இடித்து, துணியில் கட்டி இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி, பத்து லிட்டராக்கினேன். ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப். அடித்தது மாலை ஐந்துக்கு மேல்தான்; வெயில் பட்டால் வேம்பின் சத்து சிதைந்துவிடும். குருத்துக்குள் இறங்கும்படி மெதுவாக அடித்தோம்.

பெரிய மரங்களுக்கு மஞ்சள் பொறி. ஐந்தடி நீளம், ஓரடி அகலத்தில் மஞ்சள் பாலித்தீன் தாள், விளக்கெண்ணெய் தடவி ஏக்கருக்கு எட்டு, ஆள் உயரத்தில். கை எட்டிய குட்டை மரங்களில் ஓலையின் அடிப்புறத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினோம்.

பிப்ரவரி 20

பக்கத்துத் தோப்பு மாமா இரண்டு மருந்துப் பாட்டிலோடு வந்தார். "நாளைக்கு ஆள் வருது, உங்க தோப்புக்கும் சேர்த்து அடிச்சுரலாம் கண்ணு." எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் முழுக்கக் கள்ளு இறக்குகிற மரங்கள். அவர் தோப்பிலேயே பத்து மரத்தில் பானை தொங்குகிறது.

"மாமா, பாளையிலிருந்து சொட்டுறதை மனுஷங்க குடிக்கிறாங்க. அதே மரத்துல விஷத்தை அடிக்கலாமுங்களா?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை, கவலைதான். கருப்பு போகவேண்டுமே என்றார். கருப்பு ஓலைக்குள் புகாது, மேலே படிந்து வெயிலை மறைப்பதுதான் கெடுதல் என்று சொன்னேன். லிட்டருக்கு இருபத்தைந்து கிராம் மைதாவைப் பசையாகக் காய்ச்சி, ஆறியதும் எங்கள் வாழையில் தெளித்துக் காட்டினேன். வெயிலில் காய்ந்ததும் கருப்போடு சேர்ந்து ஏடாக உரிந்து விழுந்தது. பாட்டிலைத் திருப்பிக் கொண்டுபோனார்.

மார்ச் 6

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது. இறக்கிய மட்டையில் வெள்ளை ஈயின் கூட்டுப்புழுக்களை எண்ணினேன். பத்துக்கு ஆறு கறுத்திருந்தன. இது கரும்பூசணம் இல்லை. என்கார்சியா என்று ஒரு குளவி, ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வெள்ளை ஈக் குஞ்சுக்குள் முட்டை வைக்கும்; குளவி உள்ளே வளர வளரக் கூடு கறுத்துவிடும். வெளியேறிய தடத்திலும் அடையாளம் உண்டு. ஈ வந்திருந்தால் கூடு ஆங்கில 'T' எழுத்துப் போலப் பிளந்திருக்கும். குளவி வந்திருந்தால் ஊசியால் குத்தின மாதிரி வட்டத் துளை.

அப்பாவிடம் லென்ஸைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். "அன்னைக்கு மூணு தடவை அடிச்சமே, இதையெல்லாமா கொன்னுட்டம்?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மஞ்சள் பொறிகளைக் கழற்றிவிட்டேன். அதில் பொறிவண்டும் ஒட்டியிருந்தது. குளவி பெருகுகிற நேரத்தில் பொறி வேண்டாம் என்பது என் முடிவு.

மார்ச் 9

கறுத்த கூடுகள் அடர்ந்த ஓலையைக் கையளவு துண்டுகளாக வெட்டி, உயிர் ஈ இல்லாமல் நன்றாக உதறி, மாமா தோப்பில் ஏக்கருக்குப் பத்து வீதம் அடி ஓலைகளில் ஈர்க்கால் குத்திவைத்தோம்.

ஏப்ரல் 14

அம்மா வைத்த சித்திரைக் கனியில் எங்கள் தோப்புத் தேங்காய். பழைய ஓலை இன்னும் கருப்புதான். புதிதாக விரிந்த மூன்று மட்டைகள் சுத்தமாக இருக்கின்றன. வடக்கு வரிசையில் இன்னொரு சின்ன ஈயும் சேர்ந்திருக்கிறது. பஞ்சுக்கூடு கட்டி, இறக்கையில் பெருக்கல் குறி போட்டது. அதன் கூடுகளில் கறுத்தது ஒன்றையும் நான் காணவில்லை. வாரம் ஒருமுறை தண்ணீர் பீய்ச்சுவதோடு கவனித்து வருகிறேன்.

ஜூன் 8

நான்கு நாளாக நல்ல மழை. வெள்ளை ஈ வெகுவாக அடங்கிவிட்டது. கருப்பும் பொருக்குப் பொருக்காகக் கழன்று விழுகிறது. மாமா தோப்பிலும் கூடுகள் கறுத்திருக்கின்றன. அவரே மட்டையைத் திருப்பிக் காட்டினார்.

நாளை காய்ந்த மட்டை கழிக்க ஆள் வருகிறது. கழித்ததை எரிக்க வேண்டாம், மரத்தடியிலேயே பத்து நாள் கிடக்கட்டும், உள்ளே இன்னும் குளவி இருக்கும் என்று அப்பா இப்போதே போனில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.