கொஞ்சமாகக் குடித்தால் நல்லதா?

"தினம் கொஞ்சம் மது இதயத்துக்கு நல்லது" என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். அறவே குடிக்காதவர்களைவிட அளவாகக் குடிப்பவர்களுக்குப் பக்கவாதம் குறைவு என்று ஆய்வுகளிலும் தெரிந்தது. எனக்கு இதில் எப்போதுமே ஒரு நெருடல். குடிக்காதவர்களில் எத்தனையோ பேர் உடம்பு முடியாமல் போய்க் குடியை விட்டவர்கள். அவர்களோடு ஒப்பிட்டால் யாரும் ஆரோக்கியமாகத்தான் தெரிவார்கள்.

முடிச்சை அவிழ்த்தது மரபணு. கிழக்காசியாவில் பலருக்கு ஏ.எல்.டி.எச்.2 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் உண்டு. குடித்தால் முகம் சிவக்கும், குமட்டும், நெஞ்சு படபடக்கும். அதனாலேயே குறைவாகக் குடிப்பார்கள். இந்த மாற்றம் யாருக்கு வாய்க்கும் என்பது கருவிலேயே குலுக்கல் போல முடிவாகிவிடுகிறது. பிற்பாடு வந்த நோய் அதை மாற்ற முடியாது. அதனால் இந்த மாற்றம் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டுக் குடியின் விளைவைப் பார்க்கலாம். மெண்டலிய சமவாய்ப்பாக்கம் என்று இந்த முறைக்குப் பெயர்.

சீனாவில் சுமார் 5 லட்சம் பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மரபணு வழியாகப் பார்த்தபோது அளவான குடியின் பாதுகாப்பு காணாமலே போனது. குடி ஏற ஏறப் பக்கவாதமும் ஏறியது.

என்னை அசத்தியது பெண்களைப் பற்றிய பகுதி. அங்கே பெண்கள் குடிப்பது மிக அரிது. அதே மரபணு மாற்றம் அவர்களுடைய பக்கவாத வாய்ப்பைத் தொடவில்லை. ஆக, ஆண்களிடம் வேலையைக் காட்டியது மதுதான்.

தூக்கம், உடற்பயிற்சி ஆகியவற்றின் விளைவையும் இதே முறையில் ஆராய்கிறார்கள். ஆனால் அவற்றுக்கெல்லாம் இவ்வளவு தெளிவான ஒற்றை மரபணு இல்லை. பல சிறு மாற்றங்களைச் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். அந்த முடிவுகளை நான் இன்னும் நிதானமாகத்தான் வாசிக்கிறேன்.