மலை ஏறிய ஆர்எக்ஸ் 100

குன்னூரில் ஒரு பழைய பைக்கை ரோட்டோரம் நிறுத்தி, பக்கவாட்டு மூடியை மட்டும் கழற்றி வையுங்கள். ஐந்து நிமிடத்தில் கூட்டம் கூடிவிடும். டீக்கடைக்காரர், ஜீப் டிரைவர், ரேஷன் கடைக்குப் போகிற வழியில் நின்றவர் என்று எல்லோரும் ஒரு காலத்தில் இதே வண்டியை வைத்திருந்தவர்கள். எல்லோரும் அதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டவர்கள். அந்த ஏக்கம் மொத்தமும் ஆலோசனையாக இறங்கும்.

என் மச்சினன் புண்ணியத்தில் இந்தக் கூட்டம் எனக்கு நல்ல பழக்கம். அவன் கரூர்க்காரன். கோத்தகிரி ரோட்டில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்து, எங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தான். பஸ் நேரம் ஒத்துவரவில்லை, வண்டி வேண்டும் என்றான். நியாயமான ஆசைதான். ஆனால் அவன் வாங்கியது யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன வண்டி. இவன் பிறந்ததே அதற்குப் பிறகு. "மாமா, அந்தச் சத்தம் இருக்கே..." என்று கண்ணை மூடினான். சத்தத்துக்குக் காசு கொடுக்கிறவனிடம் மைலேஜ் பேசி என்ன ஆகப்போகிறது?

விற்றவர் கோயம்புத்தூர்ப் பக்கம். "சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி" என்றாராம். விற்பனைக்கு வரும் பழைய வண்டிகளைப் பார்த்தால் நம் ஊர் டாக்டர்கள் ஆளுக்கு நாலு பைக் ஓட்டியிருக்க வேண்டும். ஆர்சி புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். சொந்த வண்டிக்கு முதல் பதிவு 15 வருடம் செல்லும், அப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். இது 1994 மாடல். 2009, 2014, 2019, 2024 என்று எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தது. சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் புத்தகத்தோடு ஒத்துப்போயின. சிங்கிள் ஓனர் என்பதுதான் ஒத்துப்போகவில்லை. மச்சினன் ஐந்தாவது ஆள்.

மேட்டுப்பாளையம் வரை வண்டி பறந்ததாம். கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் முனக ஆரம்பித்தது. பர்லியாரில் மூன்றாவது கியரில் இழுக்கவில்லை, காட்டேரிப் பக்கம் இரண்டாவதிலும் இழுக்கவில்லை. அந்த மலையில் ரயிலே தண்டவாளத்துக்கு நடுவில் பல் சட்டம் போட்டு அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறது, ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி உயரம். என்ன இருந்தாலும் அது 1899-லிருந்து குன்னூர் வந்து சேர்கிறது. மச்சினன் பஸ் ஸ்டாண்ட் வரை வந்து நின்றுவிட்டான். கிக்கரை உதைத்து உதைத்து, அந்தக் குளிரிலும் சட்டை நனைந்திருந்தது.

நான் போய்ச் சேர்வதற்குள் தீர்ப்புகள் வந்துவிட்டன. டீக்கடைக்காரர், "ரிங் போச்சு, போர் பண்ணித்தான் ஆகணும்" என்றார். ஜீப் டிரைவர் கிளட்ச் பிளேட் என்றார். இன்னொருவர் பெட்ரோலில் தண்ணீர் என்றார். குல்லா போட்ட ஒரு பெரியவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆயிலை மாத்துப்பா" என்றார். எந்த ஆயில் என்று கேட்டதும், "எல்லா ஆயிலையும்" என்றார்.

ஜீப்பின் பின்னால் ஏற்றி, பெட்ஃபோர்டு பக்கத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனோம். அவர் யாருடைய தீர்ப்பையும் கேட்கவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி மச்சினன் உள்ளங்கையில் வைத்தார். கரி அப்பி, ஈரமாக இருந்தது. "தம்பி, இங்க காத்து கம்மி. கீழ சாப்பிட்ட அதே பெட்ரோலை இங்கயும் சாப்பிடறான். செரிக்கல" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிக்கு இது தெரியாது. சமவெளிக்கு வைத்த அளவிலேயே பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். இழுவை குறையும், பிளக் கருக்கும், புகை கூடும்.

பாய் வேலை செய்த விதம்தான் எனக்குப் பிடித்தது. முதலில் பிளக்கைத் துடைத்தார், ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழுவி, லேசாக ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டினார். அவ்வளவோடு நிறுத்திவிட்டு, "சிம்ஸ் பார்க் வரைக்கும் போய்ட்டு வா" என்றார். கொஞ்சம் தேவலை. அப்புறம் கார்புரேட்டர் ஊசியில் இருக்கும் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றினார்; ஊசி இறங்கும், பெட்ரோல் குறையும். மறுபடி சிம்ஸ் பார்க். கடைசியில்தான் மெயின் ஜெட்டை, அதாவது பெட்ரோலை அளந்து விடும் ஓட்டை போட்ட குட்டித் திருகை, ஒரு சைஸ் சின்னதாக மாற்றினார். எல்லாவற்றையும் சேர்த்துச் செய்திருக்கலாமே என்று மச்சினன் கேட்டான். "அப்ப எது சரி பண்ணுச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்? அடுத்த தடவையும் என்கிட்டயே வரணுமா?" தொழில் தெரிந்தவர், ஆனால் வியாபாரம் தெரியாதவர்.

வண்டி மிதந்தது. மச்சினன் அங்கேயே பாக்கெட்டிலிருந்து ஒரு பட்டியலை எடுத்தான். டேங்குக்குப் பெயின்ட், சீட் கவர், ஹாரன், இன்னும் கொஞ்சம் ஸ்டிக்கர். பாய் அதை வாங்கி, பின்பக்கம் திருப்பி, தன் பட்டியலை எழுதினார். முதல் வரி பிரேக்.

முன்னும் பின்னும் டிரம் பிரேக். ஷூக்கள் தேயவில்லை, ஆனால் கண்ணாடிபோல வழுவழுத்துக் கிடந்தன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். முன் பிரேக் கேபிள் உள்ளே துருவேறி, லிவரைப் பிடித்தால் விடுவதற்கு யோசித்தது, அதை மாற்றிவிட்டார். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிப் பிடிமானம் போய்விடும். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது மலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம். ஆனால் இது டூ ஸ்ட்ரோக் வண்டி, இறக்கத்தில் எஞ்சின் வேகத்தைப் பிடிப்பது குறைவு, அதனால் கியரை மட்டும் நம்பவும் முடியாது. போதாததற்கு, ஆக்சிலேட்டரை மூடியே இறங்கினால் பிஸ்டனுக்குப் போகும் ஆயிலும் குறையும். இடையிடையே கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு கொடுக்க வேண்டும். "பாத்தீங்களா மாமா, சத்தம் போடச் சொல்லி மெக்கானிக்கே சொல்றாரு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அடுத்தது டயர். "பட்டன் அப்படியே இருக்கு மாமா, புது டயர்" என்று அவன் சொல்லியிருந்தான். பாய் பக்கவாட்டில் துடைத்து நான்கு இலக்க எண்ணைக் காட்டினார்: 4211. அதாவது 2011-ஆம் வருடம் 42-ஆவது வாரம் தயாரித்தது. ஏதோ ஒரு ஷெட்டில் ஓடாமல் நின்றே கிழடாகியிருந்தது. விரல் நகம் இறங்கவில்லை, ஓரமெல்லாம் நுணுக்கமான வெடிப்பு. பனியில் நனைந்த வளைவில் அந்த ரப்பர் எதையும் பிடிக்காது. இரண்டு டயரும் ட்யூபும் புதிதாகப் போட்டதில் பெயின்ட் காசு முழுக்கக் கரைந்தது. ஸ்டிக்கர் காசு செயினுக்குப் போனது.

செயினைப் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஊரில் அது படும் பாடு பெரிது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டிவிட்டு அப்படியே நிறுத்தினால் காலையில் செயின் செம்மண் நிறத்தில் இருக்கும். டீசல் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் 90 நம்பர் கியர் ஆயிலை உள்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விட்டால் போதும். தொய்வு இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் இருக்கலாம். பழைய செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது. சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அங்கே வைத்து அளக்க வேண்டும். மச்சினன் ஞாயிற்றுக்கிழமை காலையில் இதை ஒரு பூஜையாகவே ஆரம்பித்தான். துடைக்க எடுத்த துணி அவன் அக்காவின் புதுத் துண்டு என்பது மதியம்தான் தெரியவந்தது. அந்த மதியத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

குல்லாப் பெரியவரின் ஆயிலுக்கு வருவோம். இந்த வண்டியில் ஆயில் இரண்டு. கியர் பாக்ஸில் ஒன்று. அதை வடித்து மாற்றலாம். பெட்ரோலோடு எரிந்துபோகும் டூ-டி ஆயில் வேறு. அது தனி டேங்கிலிருந்து பம்ப் வழியாகப் போகும், தீர்ந்தால் ஊற்ற வேண்டியதுதான். பம்ப் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்து முடிக்கும்வரை பெட்ரோலிலும் கொஞ்சம் கலந்து ஓட்டு என்றார் பாய். பார்த்து முடித்தார், பம்ப் நன்றாக இருந்தது. கலப்பதை நிறுத்தச் சொன்னது மட்டும் மச்சினன் காதில் விழவில்லை. பல காலைகள் எங்கள் தெரு புகையில் மறைந்தது. எதிர்வீட்டு அம்மா, நகராட்சியிலிருந்து கொசு மருந்து அடிக்கிறார்கள் என்று நினைத்து, தொட்டித் தண்ணீரை மூடிவிட்டு ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார். கடைசியில் சைலன்சரின் உள்குழாயை உருவிப் பார்த்தால் கை விரல் நுழையாத அளவுக்குக் கரி. சுரண்டி எடுத்த கரியைப் பாய் ஒரு தாளில் கொட்டி, "இதுவும் உன் காசுதான்" என்று காட்டினார்.

இரவில் பெட்ரோல் டேப்பை மூடு, வாரக்கணக்கில் ஓட்டாமல் போனால் கார்புரேட்டரை வடித்துவிடு என்பதெல்லாம் சில்லறைப் புத்திமதி. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் வாஷர்களுக்கும் ட்யூப்களுக்கும் ஆகாது. நம் ஊர் ஈரத்தைச் சொல்லவே வேண்டாம்.

பொங்கலுக்கு வண்டியிலேயே கரூர் போகிறேன் என்று நின்றான். பாய் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார். மலைக்கு வைத்த சின்ன ஜெட்டோடு கீழே போய் முறுக்கினால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. எஞ்சின் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பழைய பெரிய ஜெட்டைத் தாளில் மடித்துக் கொடுத்து, மேட்டுப்பாளையத்தில் மாற்றிக்கொண்டு, கிளிப்பையும் ஒரு பள்ளம் கீழே இறக்கச் சொன்னார். சின்னதைப் பத்திரமாக வைத்துக்கொள், திரும்பி ஏறும்போது வேண்டும் என்றார். மச்சினன் சொன்னபடியே செய்தான். பத்திரமாக வைத்த இடம் சட்டைப் பை.

மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் அத்தை என் மனைவிக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"ஏம்மா, தம்பி சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில ஒரு திருகாணி இருக்குது. அங்க எந்தப் புள்ளையோடயாச்சும் பழகறானா?"

"திருகாணியா?"

"ஆமா, ஒத்தைத் திருகாணி. நடுவுல ஓட்டை. பொடிசா நம்பர் வேற அடிச்சிருக்குது, 916-ஆத்தான் இருக்கும். எடுத்து பீரோவுல வெச்சுட்டேன்."

நான் போனை வாங்கி, அது வண்டியின் கார்புரேட்டர் ஜெட், வெறும் பித்தளை, அது இல்லாமல் அவன் மலை ஏற முடியாது என்று ஒன்றுவிடாமல் விளக்கினேன். அத்தை முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் நீங்க அவனுக்குப் பரிஞ்சு பேசறது மாப்பிள்ளை. ஆனா ஒண்ணு, பித்தளையில திருகாணி போடற வீட்டுல நமக்குச் சம்பந்தம் வேண்டாம்னு சொல்லிருங்க."