பெரியவர்களுக்கு ஒன்லைனில் சங்கீதம்: ரிசல்ட் வந்த கையோடு சில விஷயங்கள்

வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சை முடிவு வந்துவிட்டது. என் ஒன்லைன் வகுப்பிலிருந்து தோற்றிய பெரியவர்கள் எல்லாரும் பாஸ். "சூமில படிச்சுச் சங்கீதம் பாடினாப் போலதான்" என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களுக்கு இனிப்புக் குடுத்தனுப்பியாச்சு.

பாடத்திட்டம், தரங்கள் எல்லாம் உங்களுக்கே தெரியும். கல்லடி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் பட்டம் முடித்து நியமனத்துக்குக் காத்திருக்கும் என்னைப் போன்றவர்கள், இந்த ஒன்லைன் வகுப்பை ஒரு நிலையான வருமானமாக்குவது எப்படி என்றுதான் எழுதுகிறேன்.

இதில் ஒன்றை மட்டும் எடுப்பதென்றால் இதை எடுங்கள்: சுருதி மாணவரின் வீட்டில்தான் ஒலிக்க வேண்டும். நீங்கள் இங்கே போடும் தம்பூராவை சூம் பின்னணி இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும். ஒலி போய்ச் சேரவும் சுணங்கும். இரண்டு பேரும் சேர்ந்து பாடினால் ஒரு குரல் அமுங்கிவிடும். மாணவர் இன்னொரு போனில் தன் கட்டைக்கு (குரலுக்கு ஏற்ற சுருதி அளவுக்கு) சுருதி போடட்டும். நீங்கள் ஒரு வரி பாடி நிறுத்துங்கள், அவர் திருப்பிப் பாடுவார். அவருடைய சூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' போட்டிருந்தால்தான் அவர் சுருதியோடு சேருகிறாரா, விலகுகிறாரா என்று உங்களுக்குக் கேட்கும்.

பெண்கள் என்றால் ஐந்தரைக் கட்டை என்று கண்ணை மூடிக்கொண்டு வைக்கவும் வேண்டாம். களுவாஞ்சிக்குடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், மேல் ஸா வரும்போதெல்லாம் கமெராவை மூடிவிடுவார். "இருமல் மகள்" என்பார். சுருதியை நாலரைக்கு இறக்கினேன். மறுகா இருமலும் இல்லை, கமெராவும் மூடவில்லை.

வகுப்பை விட்டு நிற்கிறவர்கள் பெரும்பாலும் நாலு பேர் கேட்கப் பிழைவிட்டுக் கூசியவர்கள். ஆகவே:

- குழு வகுப்பில் அறிமுறையும் புதுப்பாடமும் மட்டும். அவர்கள் பாடிக் காட்டுவது வட்ஸ்அப் குரல்பதிவில். நீங்களும் குரலிலேயே பதில் போடுங்கள், பாடித் திருத்துங்கள்.
- கமெராவில் தாளம் போடும் தொடை தெரிய வேண்டும். அலங்காரம் (தாளத்தோடு பாடும் ஸ்வரப் பயிற்சி) வாயில் சரியாக வரும், கை துருவ தாளத்தின் 14 அட்சரத்தில் (எண்ணிக்கையில்) ஒரு லகுவை (தட்டி விரல் எண்ணும் பகுதியை) விழுங்கியிருக்கும்.
- முதற்காலத்தை (முதல் வேகத்தை) மெல்ல எடுக்கப் பழக்குங்கள். பதற்றத்தில் வேகமாக எடுத்தவருக்கு மூன்றாம் காலத்தில் மூச்சுப் போதாது.
- இலவச சூம் 40 நிமிடத்தில் நிற்கும். வேலை முடித்துக் களைத்து வருகிறவருக்கு அதுவே தாராளம்.
- செயன்முறைப் பரீட்சைக்கு முன் ஒரு தடவையாவது நேரில், வேறொருவரின் சுருதிப்பெட்டிக்குப் பாடவையுங்கள்.

கடைசியாகச் சொன்னது பரீட்சை மண்டபத்துக்காக. கல்முனையில் வங்கியில் வேலை செய்யும் தம்பி ஒருவர் வெள்ளைச் சட்டைப் பிள்ளைகளோடு வாங்கில் காத்திருந்தாராம். பக்கத்திலிருந்த சின்னவள் "அங்கிள், உங்கட மகள் எத்தனையாம் தரம்?" என்று கேட்டாளாம். அவருக்கு இன்னும் கலியாணமே ஆகவில்லை!

இனிக் காசு. வகுப்புக் கணக்கில் வாங்காதீர்கள். மாதக் கணக்கில், மாதம் தொடங்கும்போதே வாங்குங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடியில் மாமாங்கத் திருவிழா, மார்கழியில் வெள்ளம், அது முடிய அம்பாறைப் பக்கம் வேளாண்மை வெட்டு. வகுப்புக்கு இவ்வளவு என்று வாங்கினால் அந்த மாதங்களில் உங்கள் வீட்டு உலை கொதிக்காது. அந்த வாரங்களுக்கான பாடத்தைப் பதிவுசெய்து முதலே அனுப்பிவிட்டால் யாரும் முறைப்பட மாட்டார்கள். வெளிநாட்டுக்காரரிடம் மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்குங்கள், அனுப்பும் செலவு அவர்களுக்கு மிச்சம். நமக்கு இரவு எட்டு என்றால் லண்டனில் பகல் இரண்டரை, கோடையில் மூன்றரை. வேலைநாளில் வரமாட்டார்கள், சனி ஞாயிறை அவர்களுக்கு ஒதுக்குங்கள்.

பேருக்கு முன்னால் கலாவித்தகர் என்ற சங்கீத சபைப் பட்டத்தைப் போட்டால் ஆள் சேரும் என்று நினைக்க வேண்டாம். பெரியவர்கள் கேட்பது "எத்தினை மணிக்கு மிஸ்?" என்றுதான்.

எல்லாரையும் பரீட்சைக்கு இழுக்கவும் வேண்டாம். பாஸான என் ஆட்களில் அரைவாசிப் பேர்கூட அடுத்த தரத்துக்கு இன்னும் பேர் தரவில்லை. ஊர்க் கோயிலில் நாலு தேவாரம் சுருதி விலகாமல் பாடினால் போதும் என்று வந்த குழுவில் ஒருவரும் வகுப்பை விட்டு நிற்கவில்லை. அடுத்த மாதம் அவர்களுக்குத்தான் இன்னொரு வகுப்புத் திறக்கிறேன், வியாழன் இரவு எட்டு மணி. வெள்ளியில் வைத்தால் எல்லாரும் கோயிலில் நிற்பார்கள்.