அம்மாவும் நானும் பார்த்த பபிதா

போன சனிக்கிழமை இரவு அம்மாவுக்கு லேப்டொப்பில் ஒரு பழைய வங்காளப் படம் போட்டுக் காட்டினேன். சத்யஜித் ரேயின் ‘அஷானி சங்கேத்’, 1973இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது வாங்கிய படம். அம்மாவுக்கு ஆங்கில உபதலைப்பு வாசிக்க வராது என்பதால் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வசனமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன், பாதியில் கையைப் பிடித்து, “நீ சொல்லாத பிள்ளை, எனக்கு விளங்குது” என்றார்.

விளங்க வைத்தது பங்களாதேஷ் நடிகை பபிதாவின் முகம். கதை 1943 வங்காளப் பஞ்சம். ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோய், விலை நாளுக்கு நாள் ஏறுகிறது. (இலங்கையிலும் 1942இல் அதனால்தான் கூப்பன் அரிசி வந்தது, அம்மம்மா அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே இருப்பா.) பபிதா ஊர்ப் பிராமண வாத்தியாரின் மனைவி. பிறர் வீட்டு வேலைக்கே போகாதவள், கூலி அரிசிக்காக நெல் குத்தப் போகிறாள், பிறகு மற்றப் பெண்களோடு காட்டில் கிழங்கு தோண்டுகிறாள். அந்த இடத்தில் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். 2009இல் தறப்பாளுக்குக் கீழே கஞ்சியில் கிடந்த நாலு பருக்கையை விரலால் ஒதுக்கி என் கோப்பையில் போட்டுவிட்டு, தண்ணியைத் தான் குடித்தவர் அவர். அப்போது, “எனக்குப் பசிக்கேல்லை” என்று சொன்ன அதே முகத்தை நான் அன்றிரவு திரையிலும் பார்த்தேன்.

பபிதாவுக்கு அப்போது இருபது வயதை ஒட்டித்தான் இருக்கும். 1953இல் பிறந்தவர், இயற்பெயர் ஃபரிதா அக்தர். அக்கா சுசந்தா, தங்கை சம்பா, மூவருமே நடிகைகள். 1968இல் முதல் படத்தில் சொந்த அக்காவுக்கே மகளாக நடித்தார். அப்பாவாக வந்த ரசாக்குக்கு அடுத்த வருடமே கதாநாயகி! 1975, 76, 77 என்று மூன்று வருடமும் தொடர்ந்து சிறந்த நடிகைக்கான பங்களாதேஷ் தேசிய விருது, 2016ஆம் ஆண்டுக்கான வாழ்நாள் சாதனையாளர் விருதும் அவருக்குத்தான்.

விருதுகளை விட என்னை உலுக்கியது வேறு. அவரைச் சினிமாவுக்குக் கொண்டுவந்தவர் சுசந்தாவின் கணவர், இயக்குநர் ஜஹிர் ராய்ஹான். அவருடைய அண்ணன், எழுத்தாளர் ஷஹிதுல்லா கைசரை 1971 டிசம்பர் 14 அன்று, பங்களாதேஷ் விடுதலை யுத்தம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள். 1972 ஜனவரி 30 அன்று அண்ணனைத் தேடி டாக்காவின் மிர்பூருக்குப் போன ராய்ஹானும் திரும்பி வரவில்லை. அந்த வீட்டிலிருந்து வந்துதான் பபிதா ரேயின் கமராவுக்கு முன்னால் நின்றிருக்கிறார். நடிப்பு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று நான் யாரிடமும் கேட்கப் போவதில்லை.

இதை அம்மாவிடம் சொன்னேன். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து, என் மாமாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அங்கே போய் இருந்துவிட்டு வருகிறவர் அவர். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “தமக்கைக்குப் பிள்ளைகள் இருந்ததுகளோ?” என்று கேட்டார். இருந்தது என்றேன்.

“அந்தக் கிழங்கு தோண்டுற இடத்தை இன்னொருக்காப் போடு” என்றார். போட்டேன்.