கைக்குத் தெரியாத கொழுப்பு

3 ஜூன் 2024, திங்கள்

காலையில் வெறும் வயிற்றோடு கோத்தகிரிக்குச் சென்று கொடுத்துவிட்டு வந்த இரத்தத்தின் அறிக்கை மாலையில் கைக்கு வந்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் 262, நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். 41, டிரைகிளிசரைடு 165, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 188. டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து, அதையும் எச்.டி.எல். அளவையும் மொத்தத்திலிருந்து கழித்தால் எல்.டி.எல். கிடைத்துவிடும் என்று ஆய்வகத்துப் பெண் சொன்னாள். கட்டபெட்டு பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தில் உறையின் பின்பக்கத்தில் கழித்துப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்தவனுக்கு எந்தச் சீட்டையும் சரிபார்க்காமல் மடித்து வைக்க மனம் வருவதில்லை.

எனக்கு 61 வயது. நெஞ்சு வலியோ மூச்சு வாங்குதலோ தலைச்சுற்றலோ எதுவும் இல்லை. வாடவைத்த கொழுந்தை ஒரு பிடி அள்ளி இறுக்கிவிட்டுக் கையைத் திறந்தால், அது விரியும் வேகத்தைக் கொண்டே ஈரப்பதம் இவ்வளவு என்று சொல்லிவிடுவேன். ஆனால் என் இரத்தத்தில் எத்தனை காலமாகவோ ஓடிக்கொண்டிருக்கும் 188ஐப் பற்றி என் உடம்பு எனக்கு ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

4 ஜூன் 2024, செவ்வாய்

டாக்டரம்மா அறிக்கையைப் பார்ப்பதற்கு முன் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். அண்ணன் 54 வயதில், பச்சைத் தேயிலை மூட்டையை எடைத் தராசில் இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தவர் அப்படியே சரிந்தார் என்று சொன்னேன். அவர் அந்த 54ஐ எழுதி வட்டமிட்டார். உடன்பிறந்த ஆணுக்கு 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் அது தனிக் கணக்காம். எனக்கு இரண்டு ஆண்டுகளாக இரத்தக் கொதிப்பு மாத்திரை. இளமையில் பிடித்த பீடி வேறு. எல்லாவற்றையும் கூட்டிவிட்டு, உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும் என்றார்.

ஆனால் உடனே எழுதித் தரவில்லை. தைராய்டு மந்தமாக இருந்தாலும் கொலஸ்ட்ரால் ஏறும், அப்படி இருந்தால் முதலில் அதற்குத்தான் வைத்தியம் செய்ய வேண்டும் என்று சொல்லி, தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச்., கல்லீரல் நொதிகள், மூன்று மாதச் சர்க்கரை ஆகிய மூன்றையும் பார்த்து வரச் சொன்னார்.

6 ஜூன் 2024, வியாழன்

தைராய்டும் கல்லீரலும் ஒழுங்காக இருக்கின்றன. மூன்று மாதச் சர்க்கரை 5.8; எல்லைக்கோட்டில் காலை வைத்திருக்கிறேன் என்று பொருள். இந்த வகை மாத்திரை சர்க்கரையைச் சற்றே மேலே தள்ளக்கூடும் என்பதை டாக்டரம்மா மறைக்கவில்லை. அந்தச் சிறு ஏற்றத்தைவிட இதயத்துக்குக் கிடைக்கும் நன்மை பெரிது என்பதால் தயங்க வேண்டாம் என்றார்.

அடார்வாஸ்டாடின் 20 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. சிம்வாஸ்டாடின் போன்ற பழைய மாத்திரைகளை இரவில் போடச் சொன்னதற்குக் காரணம், கல்லீரல் இரவில்தான் மிகுதியாகக் கொலஸ்ட்ராலை உண்டாக்குகிறது என்பதும், அந்த மாத்திரைகள் உடம்பில் நெடுநேரம் தங்குவதில்லை என்பதுமாம். இது நெடுநேரம் தங்கும். எந்த நேரமானாலும் சரி, தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும் என்றார். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் என்று வைத்துக்கொண்டேன். மாத்திரை வெள்ளையாக, நீள்வட்டமாக, மிளகைவிடச் சற்றே பெரிதாக இருக்கிறது. நாக்கில் வைத்தால் ஒரு சுவையும் இல்லை. எதையும் சுவைத்துப் பார்த்தே பழகிய எனக்கு இது ஏமாற்றம்தான்.

12 ஜூன் 2024, புதன்

கோவையிலிருந்து மகள் தொலைபேசியில் அழைத்து, "அப்பா, நீங்கள் போடுகிற மாத்திரைக்கு மூலகாரணமானவர் இந்த மாதம் 5ஆம் தேதி இறந்துவிட்டாராம்" என்றாள். அகிரா எண்டோ, ஜப்பானியர், 90 வயது. வேளாண் குடும்பத்தில் பிறந்தவர், ஒரு மருந்துக் கம்பெனியில் ஏறத்தாழ 6,000 பூஞ்சை வகைகளைச் சோதித்துப் பார்த்து, கடைசியில் கியோட்டோவின் தானியக் கடை ஒன்றில் கிடைத்த அரிசியில் வளர்ந்த நீலப்பச்சைப் பூஞ்சையிலிருந்து 1973இல், ஸ்டாடின் எனப்படும் இந்த மாத்திரை வகையில் முதலாவதைப் பிரித்தெடுத்திருக்கிறார். அந்தப் பொருள் கடைக்கு வரவேயில்லை. அதே வகையைச் சேர்ந்த, வேறொரு பூஞ்சையிலிருந்து எடுத்த லோவாஸ்டாடின்தான் 1987இல் அமெரிக்காவில் முதலில் ஒப்புதல் பெற்றது. பூசணம் பிடித்த அரிசியைக் கண்டால் முறத்தோடு வெளியே கொட்டும் என் மனைவியிடம் இதைச் சொன்னேன். "அதற்காக நம் வீட்டு அரிசியில் பூசணம் பிடிக்க விட முடியுமா?" என்று கேட்டாள்.

மாத்திரை உடம்புக்குள் செய்யும் வேலையை மகள் விளக்கியபோது, நான் என் தொழிலைக் கொண்டுதான் அதைப் புரிந்துகொண்டேன். ரோலரில் நசுங்கி வந்த இலையைப் பரப்பி வைத்தால், இலையில் உள்ள நொதி காற்றோடு சேர்ந்து பச்சையைச் செம்பு நிறமாக்குகிறது; வேண்டிய நிறமும் மணமும் வந்த நொடியில் இலையை டிரையருக்குள் விட்டு, சூட்டினால் அந்த நொதியை அடக்குகிறோம். கல்லீரலிலும் கொலஸ்ட்ரால் தயாராகும் வழியில் எச்.எம்.ஜி. கோ.ஏ. ரிடக்டேஸ் என்றொரு நொதி உட்கார்ந்திருக்கிறது. டிரையர் நொதியை ஒரேயடியாகக் கொன்றுவிடும். மாத்திரை அதன் இடத்தை அடைத்துக்கொண்டு வேலையை மட்டுப்படுத்துகிறது. அதனால்தான் ஒரு நாள் போட்டு நிறுத்திவிட முடியாமல் தினமும் போட வேண்டியிருக்கிறது.

அதற்கு அடுத்த கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. சொந்தத் தோட்டத்துக் கொழுந்து குறைந்துபோனால் தொழிற்சாலை என்ன செய்யும்? ஊர் ஊராக லாரியை அனுப்பி, சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் இடங்களைக் கூட்டும். கல்லீரலும் அதையே செய்கிறது. தன் உற்பத்தி குறைந்ததும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்திழுக்கும் ஏற்பிகளைத் தன் மேற்பரப்பில் கூடுதலாக வைக்கிறது, அவை இரத்தத்தில் ஓடும் கெட்ட கொழுப்பை அள்ளிக்கொள்கின்றன. அந்த ஏற்பிகளைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்ததாம்.

23 ஜூன் 2024, ஞாயிறு

பழைய நண்பர் ஒருவர் வந்து, சர்க்கரை இல்லாத கடுந்தேநீரை நாளுக்கு ஆறு தம்ளர் குடித்தால் கொழுப்பு கரைந்துவிடும், மாத்திரை எதற்கு என்றார். தேயிலையால் பிழைத்த குடும்பம் என்னுடையது. அதன் பெருமையைக் குறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் 188ஐ இறக்கும் வலிமை தேயிலைக்கு இருந்திருந்தால், தேநீரைச் சுவை பார்த்தே வாழ்நாளைக் கழித்த எனக்கு இந்த 188 வந்தே இருக்காது.

வர்க்கியைப் பற்றி எழுதத்தான் வேண்டும். மாலைத் தேநீரோடு இரண்டு வர்க்கி என்பது எங்கள் மலையில் எழுதப்படாத சட்டம். அந்த மொறுமொறுப்பு மைதாவாலும் தாராளமாக விட்ட கொழுப்பாலும் வருவது. இந்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று. மற்ற நாட்களில் அவித்த அவரை.

9 ஜூலை 2024, செவ்வாய்

நான்கு நாட்களாகக் கால் வலிக்கிறது. சாலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறும் படிகள் 118; அறுபதாவது படியில் இடது கெண்டைக்கால் கெட்டியாகிவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர், "அந்த மாத்திரை தசையைத் தின்றுவிடும், என் மைத்துனர் இரண்டே மாதத்தில் விட்டுவிட்டார்" என்று சொன்னதும் வலி தொடைவரை ஏறியதுபோல் இருந்தது.

இன்று இரவு மாத்திரையைப் போடவில்லை. மனைவி கேட்டால் போட்டுவிட்டேன் என்று சொல்வதற்காக, ஒன்றை அட்டையிலிருந்து உடைத்து எடுத்துக் காகிதத்தில் மடித்து, பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தேன். இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

21 ஜூலை 2024, ஞாயிறு

பெட்டிக்குள் பன்னிரண்டு மாத்திரைகள் சேர்ந்துவிட்டன. வலி பெரும்பாலும் போய்விட்டது. மாத்திரையைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று எழுத நினைத்தபோதுதான் ஒன்று உறைத்தது. இந்தப் பன்னிரண்டு நாளும் மழையும் காற்றும் விடாமல் அடித்ததால் நான் சாலைப் பக்கமே போகவில்லை, படியேறவும் இல்லை. ஒரே நாளில் ரோலரையும் மாற்றி டிரையர் சூட்டையும் மாற்றிவிட்டு, தூள் கெட்டதற்கு ரோலர்தான் காரணம் என்று எந்த உதவியாளனாவது சொல்லியிருந்தால் அவனை நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

5 ஆகஸ்ட் 2024, திங்கள்

மனைவி மூக்குக்கண்ணாடிப் பெட்டியைக் கண்டுபிடித்து நான்கு நாட்களாகின்றன. "என்னங்க இது?" என்ற கேள்விக்குப் பின் அவள் பேசவில்லை, இன்று டாக்டரம்மாவின் மேசைமேல் அவளே பெட்டியைத் திறந்து வைத்தாள்.

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. வலி இரு பக்கமா ஒரு பக்கமா, தொடையிலா கெண்டைக்காலிலா, ஓய்விலும் வலிக்கிறதா, சிறுநீர் கறுத்துப் போனதா என்று வரிசையாகக் கேட்டார். மாத்திரையால் வரும் தசைவலி பெரும்பாலும் இரு தொடைகளிலும் இடுப்பிலும் ஒரே சீராக இருக்குமாம். என்னுடையது இடது காலில், அதுவும் ஏறும்போது மட்டும். கால் நாடியைத் தொட்டுப் பார்த்து, இரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்றார். தசை சிதைந்தால் ஏறும் சி.கே. என்ற நொதியைச் சோதித்ததில் 148, இயல்பான அளவு. சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ எழுந்திருக்க முடியாத அளவு தசை தளர்ந்தாலோ மட்டும் அன்றே நிறுத்திவிட்டு ஓடி வர வேண்டும் என்று அழுத்திச் சொன்னார்.

பிறகு பிரிட்டனில் நடந்து 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். உபாதை தாங்காமல் ஸ்டாடினை விட்டுவிட்ட 60 பேருக்குப் பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு புட்டிகள். நான்கில் நான் போடும் இதே அடார்வாஸ்டாடின் 20, நான்கில் மருந்தில்லாத வெற்று மாத்திரை, நான்கு காலிப் புட்டி. மாத்திரைப் புட்டிகளில் எது எது என்று அவர்களுக்குத் தெரியாது. காலிப் புட்டி மாதங்களில் உபாதை குறைவு. வெற்று மாத்திரை மாதங்களிலோ, மருந்து மாதங்களில் இருந்த உபாதையில் பத்தில் ஒன்பது பங்கு இருந்திருக்கிறது.

"அப்படியானால் நான் பொய் சொல்கிறேனா?" என்று கேட்டேன். குரல் சற்று உயர்ந்துவிட்டது.

"வலி இல்லை என்று நான் சொல்லவே இல்லை, ஐயா. வெற்று மாத்திரை போட்டவர்களுக்கும் உண்மையாகவே வலித்தது என்றுதான் சொல்கிறேன். மறுபடி தொடங்குங்கள், வலியையும் படியையும் தினமும் எழுதி வையுங்கள்; வலி தாங்கவில்லையென்றால் வேறு ஸ்டாடினுக்கு மாற்றலாம். ஆனால் என்னிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்."

இடையில் நிறுத்தியதால் இப்போது கொழுப்பைச் சோதித்துப் பயனில்லையாம். எட்டு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்றார். கிளம்பும்போது என் மனைவி, கல்லாற்றிலிருந்து அண்ணி கொடுத்தனுப்பிய பம்பளிமாஸ் பழங்களைப் பற்றித் தற்செயலாகக் கேட்டாள். நல்லவேளை. கிரேப்ஃப்ரூட்டிலும் பம்பளிமாஸிலும் உள்ள ஒரு பொருள் இந்த மருந்தைச் சிதைக்கும் குடல் நொதியைத் தடுத்து, இரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும், கூடை கூடையாகத் தின்ன வேண்டாம் என்றார். சில ஆன்டிபயாட்டிக்குகளும் அப்படியாம். எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த மாத்திரையைச் சொல்ல வேண்டும். பழங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போய்ச் சேர்ந்தன.

15 செப்டம்பர் 2024, ஞாயிறு

நாற்பத்தொரு நாள் கணக்கு பழைய தொழிற்சாலைப் பதிவேட்டின் மீதித் தாள்களில் ஏறியிருக்கிறது. ஒரு பத்தியில் எத்தனை முறை படியேறினேன், இன்னொன்றில் சுமை, மூன்றாவதில் வலிக்குப் பத்துக்கு எத்தனை. வலி நான்குக்கு மேல் போன ஒன்பது நாட்களில் ஏழு நாட்கள் நான் சுமையோடு ஏறிய நாட்கள். மற்ற இரண்டு நாட்களுக்குக் காரணம் தெரியவில்லை, மாத்திரையாகவும் இருக்கலாம். வலி தாங்கக்கூடியதாகவே இருக்கிறது.

கடையில் நடந்த ஒன்றையும் பதிந்துவிடுகிறேன். வழக்கமாக வாங்கும் கடை மூடியிருந்ததால் வேறொரு கடையில் அட்டை வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பெயர் அதே பெயர், ஆனால் கடைசியில் கூடுதலாக ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியைப் போட்டுப் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படித்ததில், அடார்வாஸ்டாடினோடு ஃபீனோஃபைப்ரேட் என்ற வேறொரு மருந்தும் கலந்திருப்பது தெரிந்தது. திருப்பிக் கொண்டுபோனேன். "இரண்டும் கொழுப்புக்குத்தான்" என்றார் கடைக்காரர். இரண்டும் சேர்ந்தால் தசைக்கான ஆபத்து கூடலாம் என்பதும், எனக்கு அது எழுதப்படவில்லை என்பதும் அவருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. மாற்றித் தந்தார், முகம் சுளித்துக்கொண்டு.

7 அக்டோபர் 2024, திங்கள்

மொத்தம் 178. எச்.டி.எல். 43. டிரைகிளிசரைடு 140. உறையின் பின்பக்கத்தில் கழித்தேன்: எல்.டி.எல். 107. முன்பிருந்ததைவிட 81 குறைவு, நூற்றுக்கு 43. இதே 20 மில்லிகிராமிடம் எதிர்பார்க்கக்கூடிய குறைவும் ஏறத்தாழ அவ்வளவுதான் என்று டாக்டரம்மா சொன்னபோது, என் கல்லீரல் ஒழுங்காக வேலைக்கு வரும் ஆள்போல எனக்குத் தோன்றியது. நேற்றைக்கும் இன்றைக்கும் உடம்பில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. 188இல் இருந்தபோதும் இப்படித்தான் இருந்தேன்.

அண்ணனின் கதை இருப்பதால் எனக்கு 100க்குக் கீழே வர வேண்டுமாம். அளவை இரட்டிப்பாக்கினால் பலனும் இரட்டிக்கும் என்று நான் எண்ணியிருந்தேன். அப்படி இல்லை, ஒவ்வொரு இரட்டிப்புக்கும் கூடுதலாக நூற்றுக்கு ஆறு அளவுதான் இறங்கும் என்றார். 188இல் ஆறு விழுக்காடு 11. 107இல் கழித்தால் 96. எனக்கு அது போதும். போதாவிட்டால் குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெடிமைப் என்ற மாத்திரையைச் சேர்க்கலாம் என்றார். அது ஜனவரியில் பார்க்க வேண்டியது.

கூடலூரில் இருக்கும் தம்பியிடம் மாலையில் பேசினேன். அவனுக்கு வயது 52. இதுவரை ஒருமுறைகூடச் சோதித்ததில்லை. "எனக்கு ஒன்றும் இல்லையே, அண்ணா" என்றான். சனிக்கிழமை வெறும் வயிற்றோடு கிளம்பி வரச் சொல்லியிருக்கிறேன். பேருந்துச் செலவு என்னுடையது.

இன்று இரவிலிருந்து 40 மில்லிகிராம். பழைய அட்டையில் எட்டு மாத்திரைகள் மீதி இருக்கின்றன. வீணாக்க வேண்டாம், இரண்டிரண்டாகப் போட்டு முடித்துவிட்டுப் புது அட்டையைப் பிரியுங்கள் என்று டாக்டரம்மாவே சொன்னார். அப்படியென்றால் வியாழன் இரவோடு பழையது தீரும். மனைவி இரண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து, நான் விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனாள்.